கடைசி வரிசைக்குப் பின்னால்

ரோலர் கோஸ்டருக்கு ஓய்வு கொடுப்பது என்று பூங்கா நிர்வாகம் முடிவு செய்தபோது, பெயின்டர் அதிலிருந்து இறங்காமல் பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை பகலில். எந்த வளைவில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்பது ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்பது அவர் கட்சி. கடைசி வரிசையில் உட்கார்ந்து போனார். வண்டி சுற்றி முடித்துத் திரும்பி வந்தபோது மற்ற எல்லோரும் இருந்தார்கள், அவர் மட்டும் இல்லை. மடியை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தடுப்பு பூட்டியது பூட்டியபடியே இருந்தது. இருக்கையில் ஒரு பிரஷ் கிடந்தது, ஈரம் காயாமல். கீழே புதர்களையெல்லாம் விலக்கித் தேடினார்கள். யாரும் விழுந்ததற்கான அடையாளமே இல்லை. அந்த வருடம்தான் பூங்காவில் டிக்கெட்டோடு ஒரு பாட்டில் சோடா இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அன்று, வண்டி வந்து நிற்கும் மேடையில் பிரேக் பிடித்தது அவருடைய மனைவி. பூங்காவில் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். காலி இருக்கையைப் பார்த்ததும் அவள் மயங்கி விழவில்லை. வண்டி வந்துவிட்டது, இவர் இன்னும் வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. தன்னுடைய கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மனிதர் அவர். மகள் பிறந்த அன்று அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை பால் குடித்துத் தூங்கி, எழுந்து மறுபடியும் பால் கேட்டு அழுதுகொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள்கூட, மகளின் பள்ளி நாடகத்துக்கு அவர் போய் நின்றபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் அழுது வீங்கிய முகத்தோடு தூங்கிப்போனாள். காலையில் வீட்டில் பெரிய சண்டை. "இனிமே லேட்டா வந்தா கதவைத் திறக்க மாட்டேன், வெளியிலயே நில்லுங்க" என்று அக்கா சொன்னாள். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். இருவரும் ஒரே பேருந்தில், வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வேலைக்கு வந்தார்கள்.

வண்டியை மறுபடி ஓட்டத் தொடங்கிய வாரத்திலேயே செய்தி வந்துவிட்டது. கடைசி வரிசையில் போன ஒரு கல்லூரி மாணவன், தலைமுடி நாலு பக்கமும் பறக்க, தள்ளாடியபடி மேடைக்கு வந்து நின்றான். "இங்க பிரேக் அக்கா யாருங்க? எனக்குப் பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு. ரெண்டாவது வளைவுல துரு பிடிக்குதாம், சொல்லச் சொன்னாரு." கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கையே கிடையாது. அக்கா அவன் அருகில் வந்தாள். "நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். "தெரியலைங்க, நான் கத்திக்கிட்டிருந்தேன்" என்றான் அவன். மெக்கானிக் போய்ப் பார்த்தபோது இரண்டாவது வளைவில் துரு பிடித்துத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கடைசி வரிசைக்காரர்களின் தயவில் நடந்தது. மேற்கே மேகம் திரண்டால் உச்சியில் இருக்கிறவருக்குத்தானே முதலில் தெரியும்? மாடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லி ஆள் வரும். மகள் பத்தாம் வகுப்பில் தேறியதை, தேனிலவுக்கு வந்திருந்த ஒரு ஜோடியிடம் அக்கா சொல்லி அனுப்பினாள். அவர்கள் போய் வந்து, "ரொம்ப சந்தோஷப்பட்டாரு, கை தட்டினாரு, கணக்குல எவ்வளவுன்னு கேட்டாரு" என்றார்கள். சிலர் அலறிய அலறலில் சொல்ல வந்ததையெல்லாம் மறந்துவிட்டு, "ஏதோ சொன்னாருக்கா" என்று தலையைச் சொறிவார்கள். வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் வண்டியின் நிழல் புல்வெளியில் ஓடும். அதற்குக் கொஞ்சம் பின்னால், தனியாக ஒரு ஆள் உட்கார்ந்த நிழலும் ஓடும். அவசரமே இல்லாமல்தான் ஓடும். மேனேஜர் முதலில் கடைசி வரிசையைக் கயிறு கட்டி மூடினார். மற்ற வரிசைகளில் கூட்டம் குறைந்து, கடைசி வரிசைதான் வேண்டும் என்று சண்டை வந்ததும் கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார். பெயின்டரை வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. மேலேதானே இருக்கிறார், வேலை நேரத்தில் வேலை செய்யும் இடத்தில் இருப்பவரை எப்படி நீக்குவது என்று தலைமை அலுவலகத்திலேயே கேட்டுவிட்டார்கள்.

எல்லாம் பேசிக்கொண்டார்கள், ஒன்றைத் தவிர. எப்போது வருவீர்கள் என்று அக்கா கேட்டு அனுப்பவே இல்லை. கேட்டால்தான் வருவாரா என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு அடியில் பயமும் இருந்தது: கேட்டு, இங்கேயே நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்துவிட்டால்? அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் வளர்ந்தாள், மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஒரு நாளும் அந்த வண்டியில் ஏறவில்லை. "வீட்டுக்கு வர வழி தெரியாமலா சுத்திக்கிட்டிருக்காரு? வர மனசில்லம்மா, அவ்வளவுதான்" என்பாள். அக்கா அடுப்பைத் துடைப்பாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் வண்டிக்கும் வயதாகிவிட்டது. மேலே இழுத்துச் செல்லும் சங்கிலி இரைக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் பாதியில் நின்று, மாடிப்படி ஏறும் முதியவர்களைப் போல, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது. ஏறியிருப்பவர்களும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள்; சிலர் இருக்கையைத் தட்டிக்கொடுத்தார்கள். மெக்கானிக் ஒரு நாள் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து, "அதுக்கே போதும்னு ஆயிடுச்சு சார்" என்றார். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு ஓட்டம் நிற்கும் என்று நுழைவாயிலில் பலகை வைத்தார்கள்.

பிரேக் அக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மேனேஜர் அறைக்குக் கூப்பிடாமல் போனாள். "இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓடட்டும் சார்" என்று கெஞ்சினாள். மேனேஜர் நல்ல மனிதர். எழுந்து நின்று அவளை உட்கார வைத்தார். "நான் சொன்னா நிர்வாகம் கேட்கும்மா. இரும்பு கேட்காதே" என்றார். வண்டி நின்றுவிட்டால் கடைசி வரிசை இல்லை. கடைசி வரிசை இல்லையென்றால் போய் வரவும் சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை. கழற்றிய இரும்பை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள், அதோடு அவரும் போய்விடுவார். அக்கா பூங்காவின் பின்பக்கம் போய், பழைய ராட்டினப் பெட்டிகள் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் அழுதுவிட்டு வந்தாள்.

கடைசி ஞாயிறு வந்தது. கடைசி வரிசைக்கு மட்டும் பூங்கா வாசல் வரை கூட்டம் நின்றது. பெயின்டரிடம் பல வருடங்களாகப் பழகியவர்கள், அவர் யோசனை சொல்லி வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுத்தவர்கள், ஒரே ஒரு தடவை பேசியவர்கள், எல்லோரும் விடைபெற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் மகள் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, மருந்துக் கடைச் சீருடையோடு நேராக வந்து, வரிசையில் நின்று ஏறினாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அவர் என்னவெல்லாம் சொன்னார் என்று அக்கா துருவித் துருவிக் கேட்டாள். "அதெல்லாம் எனக்குச் சொன்னது" என்றாள் மகள். பிறகு கொஞ்சம் யோசித்து, "உன்னைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டாரு. அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரலையான்னு கேட்டாரு" என்றாள். எந்தக் கோபம்? அக்காவுக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டு அனுப்ப இனிமேல் சுற்றும் இல்லை. வழக்கம்போல பிரேக்கை இறுக்கிப் பூட்டிவிட்டு மகளோடு வீட்டுக்குப் போனாள்.

அந்த பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடைக்குள் தண்டவாளம் நுழையும் இடத்தில் இரண்டு கட்டைகள் இருக்கும். அக்கா கம்பியை இழுத்தால் அவை இறுகும், சிவப்பு விளக்கு எரியும். தள்ளினால் விலகும், பச்சை எரியும். சிவப்பு எரிந்தால் எதுவும், யாரும் மேடைக்குள் வரக் கூடாது. வண்டி வந்து சேரும் நேரத்துக்கு மட்டும் அக்கா பச்சையைப் போடுவாள்; வண்டி நுழைந்து மேடையை அடைத்துக்கொண்டதும் சிவப்பு. சாயங்காலம் வண்டியை மேடையிலேயே நிறுத்தி, சிவப்பைப் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போவாள். வண்டி வராத நேரத்தில் காலி மேடைக்குப் பச்சை போடுவதில்லை; அது அங்கே பெரிய குற்றம். காய்ச்சல் அடித்த நாளில்கூட அவள் அதில் தவறியதில்லை. பெயின்டர் யார் சொன்னாலும் கேட்காதவர், ஆனால் அந்த விளக்குக்கு மட்டும் கட்டுப்படுவார். டப்பாவும் கையுமாகத் தண்டவாளத்தில் நடந்து வந்தாலும், சிவப்பு எரிந்தால் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடுவார். மனைவி கைப்படப் போட்ட சிவப்பு என்று மெக்கானிக் கேலி செய்வார்.

திங்கட்கிழமை காலை கிரேன் வந்தது. முதலில் மேடையில் நின்ற வண்டியைத் தூக்கி, வானத்தில் ஒரு அரைவட்டம் போட்டு, லாரியில் வைத்தார்கள். மேடை வெறிச்சென்று ஆனது. அக்காவின் கை வழக்கப்படி கம்பியைத் தொட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. எதிரே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, பதினாறு வருடங்களுக்கு முன் தான் வாய்க்கு வந்தபடி சொன்ன அந்த வாக்கியம் திடீரென்று காதில் விழுந்தது. கதவைத் திறக்க மாட்டேன். வெளியிலயே நில்லுங்க. அவர் வராமல் இருக்கவில்லை. வந்து வந்து நின்றிருக்கிறார். தினமும் சாயங்காலம், நல்ல வேலைக்காரி என்று பெயர் வாங்கிய தன் கையாலேயே, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அக்கா பூட்டைத் திறந்து கம்பியைத் தள்ளினாள். காலி மேடைக்குப் பச்சை எரிந்தது. "என்னக்கா பண்றீங்க?" என்று மெக்கானிக் பதறினார். கிரேன்காரர் மேலே பார்த்துவிட்டு இயந்திரத்தை அணைத்தார்.

கடைசி வளைவில் பெயின்டர் வந்துகொண்டிருந்தார். கீழே இருக்கை இல்லை, சக்கரம் இல்லை. இருக்கை இருக்கும் உயரத்தில், மடியில் தடுப்பு இருப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து வந்தார். தலை அவளுக்கு நரைத்த அளவுக்கே நரைத்திருந்தது. மேடைக்குள் நுழைந்து, வண்டி நிற்கும் கோட்டில் சரியாக நின்று, எழுந்து இறங்கினார்.

"பச்சை எரிஞ்சுது, வந்தேன்" என்றார்.

"வாயில்லையா உங்களுக்கு? கதவைத் தொறடின்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா என்ன?"

"நீயும்தான் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. தினம் வந்து பார்ப்பேன், சிவப்பு எரியும். சரி, இன்னும் ஆறல போலன்னு மறுபடி மேல போயிடுவேன்."

அக்கா அவரைத் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து, லாரிக்காரர்கள், மெக்கானிக், மேனேஜர் எல்லோரும் பார்க்க, சத்தமாக அழுதாள். அத்தனை வருடம் வீணாகப் போனதே என்ற துக்கமும், இனி போகாது என்ற சந்தோஷமும் சேர்ந்த அழுகை. மகளுக்கு ஆள் அனுப்பினார்கள். இருவரும் மேடையை விட்டு இறங்கியதும் கிரேன்காரர் மறுபடி இயந்திரத்தைப் போட்டார். மதியத்துக்குள் முதல் வளைவைக் கழற்ற வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் இப்போது குழந்தைகளுக்கான குட்டி ரயில் ஓடுகிறது. அதை அக்காதான் ஓட்டுகிறாள். பெயின்டர் பெஞ்சுகளுக்கும் வேலிக்கும் வர்ணம் அடிக்கிறார். மகள் தினமும் மருந்துக் கடையிலிருந்து நேராகப் பூங்காவுக்கு வந்து, மூவருமாக நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். இத்தனை வருடப் பழக்கம் லேசில் போகவில்லை. தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் பெயின்டர் கீழே விழுந்துவிடுவார் என்று பயப்படும் அளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறார். தெருவில் அதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை, எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுகிறார்கள். பிரேக் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் கூடவே சாய்கிறாள்.