பெல்கியின் கோட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெசெண்டஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி வீட்டுக்காரர் அந்தோன் ரெசெண்டஸ். அவருக்கு வலப்பக்கம், எழுந்து எழுந்து பரிமாற வசதியாக, மனைவி ஒடெட். இடப்பக்கம் மகள் நட்டாலியா. நட்டாலியாவுக்கு எதிரே, ஒடெட்டை அடுத்து, ஜன்னலோரமாக வெண்டல் ஹாஸ்கின்ஸ். நட்டாலியாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்திருப்பவன்; கடற்படையை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. மேசையின் கடைசியில், வாசலை அடைத்துக்கொண்டு, ஒடெட்டின் தம்பி, மீன்பிடிக்கும் செஃபெரினோ.

அமெரிக்கக் கடற்படை ஊரான நியூபோர்ட்டில் அந்தத் தெருவில் குளிர்காலம் வந்துவிட்டால் ஆண்களை முதுகைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. எல்லார் மேலும் அதே கருநீலக் கம்பளிக் கோட்டுதான். கடற்படை கொடுக்கும் கோட்டு அது; அங்கே இருந்தவன் அதை விடமாட்டான். அதனால் அண்ணன் கோட்டு தம்பிக்கும் மாமனார் கோட்டு மருமகனுக்கும் போகும். நனைந்தாலும் கதகதப்பு போகாது, கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டால் காது மறையும், இருபது வருஷம் போட்டாலும் பழசாகாது. விருந்து வீடுகளில் வந்தவர்களின் கோட்டுகளைப் படுக்கையறைக் கட்டிலில் குவித்துவைப்பார்கள். போகும்போது உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே வெள்ளை மையில், தகடு வைத்து அச்சடித்த எழுத்தில், உடையவன் பெயர் இருக்கும்.

செஃபெரினோவின் கோட்டு அன்றும் கட்டிலில்தான் கிடந்தது. வெண்டல் மட்டும், ஒடெட் கை நீட்டியும் கொடுக்கவில்லை. "பரவாயில்லம்மா, இங்கயே இருக்கட்டும்" என்று நாற்காலி முதுகில் மாட்டிக்கொண்டான்.

கட்டிலில் போட்டால் என்ன குறைந்துவிடும்? அந்தோனுக்கு அங்கேயே உறுத்தியது. அவர் போர்க்கப்பல்களில் ஒழுங்குக் காவல் பார்த்து, சீஃப் பதவியோடு ஓய்வு பெற்றவர். கப்பலில் கோட்டு காணாமல் போவது வாடிக்கை. காணாமல் போனதைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்றும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை.

கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு வந்தது. ரொட்டியை எட்டி எடுக்க வெண்டல் முன்னால் சாய்ந்தான். நாற்காலி முதுகிலிருந்து கோட்டின் ஒரு மடல் விலகித் தொங்கியது. அந்தோன் கரண்டியைக் கீழே வைக்காமலே வாசித்தார். ஆர். பெல்கி.

அவர் சூப்பு முழுவதையும் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, உன் பேரு ஹாஸ்கின்ஸ்தானே?"

"ஆமா, சீஃப்."

"அப்ப பெல்கி யாரு?"

நட்டாலியா அப்பாவைப் பார்த்தாள். வெண்டல் கோட்டின் மடலை மெல்ல உள்ளே தள்ளினான். அதையும் அந்தோன் பார்த்தார்.

"கூட வேலை பாத்தவன், சீஃப். கப்பல விட்டு இறங்குறப்ப அவனே குடுத்தான்."

"குடுத்தான். சரி. ஒருத்தன் கோட்ட இன்னொருத்தனுக்குக் குடுத்தா, ஒழுங்குக் காவல் சீஃப்கிட்ட போய்ப் பழைய பேர் மேல செவப்பு மை அடிச்சு, பக்கத்துல புதுப் பேரை அச்சடிக்கணும். உங்க கப்பல்ல அந்தப் பழக்கம் கிடையாதா?"

"அவசரத்துல... போகல, சீஃப்."

"இத்தன குளிர்காலம் ஆகியும் அவசரம் தீரலயா?"

"மச்சான், சூப்பு ஆறிப்போச்சுன்னு உனக்குக் கோவமா?" என்றார் செஃபெரினோ. "என் கோட்டப் புரட்டிப் பாரு, மீன் செதிலுக்கு நடுவுல என் பேரையே காணோம். என்னையும் உள்ள தள்ளு."

"ஒன் கோட்ட எவனும் திருடமாட்டான். நாத்தம் காட்டிக்குடுத்துரும்." அந்தோன் வெண்டலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, கோட்டு இங்க இருக்கட்டும். பெல்கி வாயால ஒரு வார்த்த வரட்டும். அதுக்கப்புறம் கல்யாணப் பேச்சு."

"அப்பா, பிப்ரவரி மாசம். அவர் எப்படி வீட்டுக்குப் போவாரு?"

"கால்ல போவாரு."

வெண்டல் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. கோட்டுப் பைகளிலிருந்து சாவியையும் சிகரெட்டையும் எடுத்தான். எடுத்த பிறகும் வலது கை பைக்குள்ளேயே ஒரு கணம் நின்றது. பிறகு கோட்டை அந்தோன் கையில் கொடுத்துவிட்டு, வெறும் பின்னல் சட்டையோடு குடாவிலிருந்து அடித்த காற்றுக்குள் இறங்கிப் போனான்.

நட்டாலியா தட்டை நகர்த்தி வைத்தாள். "ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கல்யாணம்னு நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம். நீங்க சரின்னு சொன்னா இந்த ஊர்ல. இல்லன்னா அவர் ஊருக்குப் போயிருவேன். ஒரு கோட்டுக்காக என்னை எழக்கணுமான்னு யோசிச்சுக்கங்க."

அவள் வெறும் மிரட்டலுக்குப் பேசுகிறவள் இல்லை. அந்தோனுக்கு இருந்தது ஒரே மகள். ஆனால் திருடன் கையில் பிடித்துக்கொடுக்க முடியுமா? அன்று இரவு அவருக்குப் பிடிபடாமல் இருந்தது அந்தக் கைதான். திருடன் மாட்டிக்கொண்டால் பொருளை உதறுவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். இவன் கை ஏன் பைக்குள் தயங்கியது? உள்ளே வேறு எதையாவது ஒளித்து வைத்திருக்கிறானா?

காலையில் கோட்டை மேசைமேல் விரித்துப்போட்டுத் தையல் தையலாகச் சோதித்தார். மடிப்புகளைத் தடவினார். நங்கூரம் பொறித்த பொத்தான்களைத் திருகிப் பார்த்தார். எல்லாம் அரசாங்கச் சரக்கு. பைகளுக்குள் கையை விட்டவர் அப்படியே நின்றார். அது அரசாங்கச் சரக்கு இல்லை. யாரோ உள்துணியைப் பிரித்து எடுத்துவிட்டு, வரிவரியாக ஓடும் பழுப்பு நிறத் தடித்த வெல்வெட்டுத் துணியைக் கையாலேயே தைத்திருந்தார்கள். பொடித் தையல். ஒரு பெண்ணின் கை. அதுவும் அவசரமில்லாத கை.

அளவு யாருக்கானது என்று தெரிந்துகொள்ள, போட்டுப் பார்த்தார். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெண்டலுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்; அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றப் போனபோது விறகு கொண்டுவர வேண்டியது நினைவுக்கு வந்தது. அப்படியே கொல்லைப்பக்கம் போய்வந்தார்.

மறுநாள், காற்றில் தையல் தாங்குகிறதா என்று பார்க்கத் துறைமுகம் வரை போனார். அதற்கு மறுநாள் ரொட்டி வாங்கப் போனார். அவருடைய சொந்தக் கோட்டு ஆணியில் தொங்கியது. அதன் இடது பை கிழிந்து, சில்லறை போட்டால் விளிம்புக்குள் இறங்கிவிடும். இருபது வருஷமாக அதில் குறை சொல்லாத மனிதர், இப்போது அதைத் தாண்டிப் போகும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஒடெட் கவனிக்காமல் இல்லை.

"அந்தோன், அது யார் கோட்டு?"

"சாட்சிப் பொருள்."

"சாட்சிப் பொருளு ரொட்டிக் கடைக்கெல்லாம் போகுமா?"

"விசாரணை நடக்குது, ஒடெட்."

"நடக்கட்டும். நேத்து நீ அதப் போட்டுக்கிட்டே தூங்குன. அந்தப் பையன் காய்ச்சல்ல கெடக்கானோ என்னவோ, நீ பையில கைய விட்டுக்கிட்டு ஊர் சுத்துற. எனக்கு இப்ப அவன்மேல சந்தேகம் இல்ல."

"பின்ன யார் மேல?"

அவள் பாத்திரம் கழுவப் போனாள். நட்டாலியா வீட்டில் இருந்தாள், சாப்பிட்டாள், அப்பாவோடு மட்டும் பேசவில்லை. அவள் அறையில் அலமாரி காலியாகிக்கொண்டு வந்தது. கதவோரம் ஒரு பெட்டி நின்றது.

சனிக்கிழமை காலை அந்தோன் ரொட்டிக் கடையிலிருந்து வெளியே வந்தார். இனிப்பு ரொட்டியை அக்குளில் இடுக்கியிருந்தார். இரண்டு கைகளும் பைக்குள். எதிரே வெண்டல் நின்றான். படகு இயந்திரம் பழுதுபார்க்கும் கடையின் எண்ணெய்க்கறை படிந்த மழைச்சட்டை, அதற்குள் இரண்டு பின்னல் சட்டை, மூக்கு நுனி சிவப்பு. அவன் கோட்டைப் பார்த்தான். பிறகு பைகளைப் பார்த்தான்.

"பை கதகதப்பா இருக்கா, சீஃப்?"

எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அந்தோன். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போது தன் முகம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்தது. அப்போதும் கை வெளியே வரவில்லை.

"சோதனைக்காகப் போட்டேன்" என்றார்.

"நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்." வெண்டல் கடைச் சுவரில் சாய்ந்துகொண்டான். "அவன் குடுக்கல, சீஃப். கடைசி நாள், எல்லாரும் எறங்குற அவசரம். பெஞ்சுமேல கோட்டெல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு. ஒண்ண எடுத்தேன். பஸ் ஏறி உக்காந்து பையில கைய விட்டப்பதான் என்னுது இல்லன்னு தெரிஞ்சுது. பெல்கியோட அம்மா தச்சுக் குடுத்தது அது. வேணும்னா கைய விட்டுப் பாருன்னு கப்பல்ல எல்லார்கிட்டயும் காட்டுவான்."

"பஸ்ஸ நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருக்கணும்."

"அவன் ஊர் தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும், இந்தக் குளிர் முடியட்டும், எழுதிடலாம்னு நெனைப்பேன்."

"கோடைக்காலத்துல?"

"கோடைக்காலத்துல எவன் கோட்டப் பத்தி நெனைக்கிறான், சீஃப்."

அந்தோன் அவனை உற்றுப் பார்த்தார். சரளமாக வந்த கதை. சரளமாக வரும் கதைகளை அவர் நம்புவதில்லை. "ஞாயித்துக்கெழமை சொன்னது?"

"பொய். அவ முன்னாடி வச்சுக் கேட்டீங்க. வாயில வந்துருச்சு."

இதுவும் பொய்யாக இருக்கலாம். ஆனால் பை விஷயத்தில் பொய் இல்லை. அதற்கு அவர் கையே சாட்சி. இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆறேழு நாளில் தனக்கு இப்படியென்றால், நாலு குளிர்காலம் போட்டவனுக்கு எப்படி இருக்கும்? அந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நம்பினார்.

"வா வீட்டுக்கு" என்றார். "காகிதம் இருக்கு."

வீட்டில் வெண்டல் நின்றபடியே எல்லாவற்றையும் நட்டாலியாவிடம் இன்னொரு முறை சொன்னான். அவன் பேச்சு முடிந்ததும் கேட்டாள்: "கோட்டுக்கே பொய் சொன்னவரு, நாளைக்கு வேற எதுக்குச் சொல்வீங்க?"

"தெரியல" என்றான் வெண்டல். "இதுக்குச் சொன்னேன். அது எனக்கே பிடிக்கல."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாகப் பேசினாள். "நீங்க முதல்ல அதக் கழட்டுங்கப்பா."

அந்தோன் கழற்றினார். அவள் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. பெல்கிக்கு எழுதுங்க. அவர் எழுதினப்புறம் நீங்களும், அப்பா. அடுத்தவன் கோட்டுன்னு தெரிஞ்சே போட்டுச் சுத்துனீங்கல்ல? கடிதம் தபால்பெட்டிக்குள்ள விழட்டும். அப்புறம் நான் கட்டி வச்ச பெட்டியப் பிரிக்கிறேன், தேதி பேசலாம்."

"நான் விசாரணைக்காக..."

"எழுதுங்க."

வெண்டல் எழுதினான். அந்தோன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தேதி, கப்பல், இடம், சம்பவம் என்று குற்றப் பத்திரிகை மாதிரி சொல்லிக்கொடுத்தார். ஒடெட் அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். வெண்டல் அவர் சொன்னதை விட்டுவிட்டுத் தன் வார்த்தையில் எழுதினான். உன் கோட்டு என்னிடம் இருக்கிறது. தெரிந்தேதான் வைத்திருந்தேன். உன் அம்மாவின் தையலில் ஒரு இழைகூட விடவில்லை. எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல். என்னுடையது உன்னிடம் மாட்டியிருந்தால், அதன் பைக்காக மன்னித்துவிடு.

பிறகு பேனா அந்தோன் கைக்கு வந்தது. வெகுநேரம் யோசித்தார். கீழே சின்ன எழுத்தில் எழுதினார்: இதை நானும் சில நாள் போட்டுக்கொண்டேன். அதற்கு என்னிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை. அந்தோன் ரெசெண்டஸ், ஓய்வுபெற்ற ஒழுங்குக் காவலர்.

நட்டாலியா வாசித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தை மடித்தாள். உறையின் பசையை அந்தோனே நாக்கில் தடவி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். வெண்டல் தபால்தலை ஒட்டி, போட்டுவிட்டு வருவதாக எழுந்தான்.

"நானும் வரேன்" என்றார் அந்தோன்.

"என்மேல இன்னும் நம்பிக்கை வரலயா, சீஃப்?"

"காத்து வாங்கணும்."

தன் பழைய கோட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். வெண்டலுக்கு ஒடெட் ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டாள். தெருமுனை நீலத் தபால்பெட்டி வரை இருவரும் நடந்தார்கள். வெண்டல் பெட்டியின் கதவைக் கீழே இழுத்து, அதன்மேல் கடிதத்தை வைத்து மூடினான். அந்தோன் அவனை நகரச் சொல்லி, கதவை மறுபடி இழுத்துத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்தார். கடிதம் விழுந்திருந்தது.