முப்பத்தாறாம் ஆண்டு டாலர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கையால் தொடுவதில்லை. ரொட்டிக்கு உறை, தண்ணீருக்குப் புட்டி. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள்கூட ஒரு கேக்கை பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துவந்து, மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் போய்விடுகிறார்கள். என் மகன் ரெயோ பிப்ரவரியில் இறந்தான். வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவன் குப்புற விழுந்தான், அவ்வளவுதான். அந்தக் கேக்குகளில் பாதி இன்னும் என் ஃப்ரீசரில் கிடக்கிறது. பிரிக்கவில்லை.

ஏப்ரலில் மருமகள் கொலெட் வந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒன்றை என் மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு வெள்ளி டாலர். ஒருபக்கம் ராஜா, மறுபக்கம் தோணியில் இரண்டு பேர். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.

"பேங்க் லாக்கர்ல இருந்துது மாமா. வக்கீல் சொத்துக் கணக்கு கேக்குறாரு. பழைய காசு விக்கிற மெல்னிக் கடையில மதிப்பு எழுதி வாங்கணும். நீங்க அவருக்குக் குடுத்தீங்களே, அந்த டாலர்தானே இது?"

நான் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

நான் பிறந்த ஆண்டு என் அப்பாவுக்குச் சம்பளத்தோடு வந்த டாலர் அது. அவருக்குப் பிறகு என் பையில் இருந்தது. சட்பரி நிக்கல் சுரங்கத்தில் எங்களை ஏற்றிய லிஃப்ட் கூண்டு கீழே இறங்கும்போதெல்லாம் பைக்குள் கையை விட்டு ராஜாவின் தாடியைக் கட்டைவிரலால் தேய்ப்பேன். தாடி வழவழவென்று ஆகிவிட்டது. ரெயோவுக்குச் சிறுவயதில் சர்ச்சில் உறுதிப்பூசுதல் நடந்தபோது, முந்தின சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சமையல் சோடா போட்டுத் துணியால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிக் கொடுத்தேன். மகனிடம் வாய்விட்டு நான் எதுவும் சொன்னதில்லை. சொன்னது அந்த டாலர் ஒன்றுதான். அவன் அதை வைத்திருந்தானா, விட்டுவிட்டானா? எனக்கு அது தெரிந்தால் போதும். வக்கீல் கணக்கு வக்கீலோடு.

மெல்னிக் கடையில் ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவன் வில்லையின் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். பிறகு விளக்கடியில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்தான்.

"அறுபத்தேழு," என்றான்.

"எனக்கு எண்பத்தாறு. என்னை எவனும் பெட்டிக்குள்ள வெச்சு ஒட்டல."

"எழுபதுக்கு அறுபத்தேழு, பெரியவரே. பள்ளிக்கூட மார்க் மாதிரி."

"மார்க் போட்டவன் யாரு?"

"தெக்கே ஒரு கம்பெனி. அனுப்பினாப் பாத்துத் தரம் எழுதி, ஒட்டிக் குடுப்பாங்க."

"சும்மாவா?"

"கட்டணம் உண்டு."

"அப்பச் சரி. என் பல்லையும் அனுப்பறேன், அறுபது போடச் சொல்லு."

கொலெட் லேசாகச் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை.

"எவ்வளவு பெறும்?" என்று அவள் கேட்டாள்.

"புத்தகத்துல ஒரு விலை போட்டிருக்கும், அதைப் பாத்து ஏமாறக் கூடாது. இதே தரத்துல கடைசியா ஏலத்துல என்ன போச்சு, அதான் கணக்கு. இந்த அளவு நல்லதா அதிகம் இல்ல. ஓரத்துல நீலம் படிஞ்சிருக்கு பாருங்க, அது தானா வந்த நிறம். அதுக்காகவே அடிச்சுக்குவாங்க. மூவாயிரத்துக்குக் கொறையாது. வக்கீலுக்கு அப்படியே எழுதறேன்."

"லென்ஸைக் குடு," என்றேன்.

பார்த்தேன். ராஜாவின் தாடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்றது.

"தாடி தேஞ்சிருக்கணுமே?"

"எதுக்குத் தேயணும்? இது யார் பையிலயும் கிடந்த காசு இல்ல."

"எங்க அப்பன் பையில கிடந்துது. எம் பையில கிடந்துது. சோடா போட்டு நானே தேய்ச்சேன்."

மெல்னிக் பேனாவைக் கீழே வைத்தான். "சோடாவா? ஐயோ பெரியவரே. அப்ப இது அது இல்ல. சோடா போட்டா மயிரிழை மாதிரி கோடு கோடா விழுந்துடும். அந்தக் காசுக்கு எவனும் மார்க் போட மாட்டான். வெள்ளி என்ன விலையோ அதான்."

"கம்பெனிக்காரன் மெருகேத்தியிருப்பான்."

"தேஞ்ச தாடி திரும்ப முளைக்காது."

"எனக்குத் தினமும் முளைக்குது."

அவன் சிரிக்கவில்லை. கொலெட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ரெயோ ஒரு தடவை அப்படித் தேய்ச்ச காசு ஒண்ணு காட்டினாரு. வெள்ளி விலைதான்னேன். 'விக்கறதுக்கு இல்லப்பா'ன்னு பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறந்தான் அதே வருஷத்துல அப்பழுக்கு இல்லாம ஒண்ணு தேடித் தரச் சொன்னாரு. இதை வாங்கிக் குடுத்தவன் நான்தான்."

செத்தவன் பேரில் யாரும் எதுவும் சொல்லலாம். வியாபாரி இன்னும் கூடுதலாகவே சொல்லுவான்.

"உடை இதை. கட்டைவிரல்ல தடவினா எனக்குத் தெரிஞ்சிடும்."

"உடைச்சா விலை பாதியாயிடும். மறுபடி அனுப்பணும், அதே மார்க் வரும்னு சொல்ல முடியாது."

"உடைக்கணும்னா உடைங்க மாமா," என்றாள் கொலெட். "எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாறையைத் துளைக்கும் மெஷினைப் பிடித்துப் பிடித்து என் விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. சூடான காப்பிக் கோப்பை தெரியாது, தாடி எங்கே தெரியப்போகிறது? இவர்களிடம் அதைச் சொல்வானேன். வில்லையைத் திருப்பிக் கொடுத்தேன். மெல்னிக் மூவாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே பனி உருகித் தெருவெல்லாம் சேறு. கொலெட் காரின் டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், வாய் முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளைப் பை.

"ஆஸ்பத்திரியில குடுத்தது. அன்னிக்கு அவர் போட்டிருந்த துணி, பாக்கெட்டுல இருந்தது எல்லாம் இதுல இருக்கு. நான் பிரிக்கல மாமா. நீங்க பாருங்களேன். அந்தக் காசு ஒருவேளை…"

தூக்கிப் பார்த்தேன். அடியில் ஏதோ கனமாக, வட்டமாகவோ நீளமாகவோ, நகர்ந்தது. என் கைக்குத் தெரியவில்லை. முடிச்சில் விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

"சாவியா இருக்கும்," என்று பையைத் திரும்ப உள்ளே வைத்து, டிக்கியை நானே மூடினேன்.

"ஏறுங்க மாமா, வீட்ல விட்டுடறேன்."

"நடந்துக்கறேன். நீ வக்கீலைப் போய்ப் பாரு."

அவள் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். நான் திரும்பவில்லை. சேற்றை மிதித்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினேன். இந்தக் காலத்தில் என்னவெல்லாமோ செய்கிறார்கள். என் டாலரைக் கம்பெனிக்காரன் மெருகேற்றித்தான் இருப்பான்.