கம்பெனி அவள் பேரில், லாரி என் பேரில்

பட்டர்வொர்த்தில் லாரி பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்தின் வாசலிலேயே ஷஃபீக் என் கையைப் பிடித்துக்கொண்டான். சூலியா தெருவில் கடை வைத்து லைசென்ஸ் விண்ணப்பப் பாரங்கள் எழுதிக் கொடுப்பவன் அவன். "அண்ணே, உள்ள போய் கோபப்படாதீங்கலா. நான் பேசிக்கிறேன்," என்றான். என் கோபத்தைப் பற்றி ஊருக்கே தெரியும் போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் பந்தயத் திடலில் குதிரை லாரி ஓட்டியவன் நான். எங்கள் தீவில் பந்தயமே நின்றுபோனது, வேலையும் போனது. குதிரைகள் வைத்திருந்த சீன முதலாளி லிம் தவுக்கே மட்டும் என்னைக் கூப்பிட்டார். தன் பதினொரு குதிரைகளும் அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை ஈப்போவுக்குப் போக வேண்டும், ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வருடம் முழுக்க எனக்கே வேலை என்றார். இதை விட்டால் தீவில் இனிமேல் வேறு குதிரை ஏது? சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு பழைய குதிரை லாரி வாங்கினேன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. குதிரை வழுக்காமல் நிற்க ரப்பர் விரி என்றார்கள் அதிகாரிகள், விரித்தேன். காற்றுப்போக்கி வை என்றார்கள், வைத்தேன். லாரியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு குதிரைக்கும் கால்நடை டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். மிச்சம் இருந்தது சரக்கு ஏற்றும் பெர்மிட் ஒன்றுதான்.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தாள்களைப் அருகருகே வைத்து ஷஃபீக்கிடம் மலாயில் ஏதோ சொன்னாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணே, கம்பெனி யார் பேர்ல பதிஞ்சீங்க?"

"பொஞ்சாதி பேர்ல."

"லாரி?"

"என் பேர்ல. நான்தானே ஓட்டுறேன்?"

"ரெண்டும் ஒரே பேர்ல இருக்கணும்ணே. லாரிய அக்கா கம்பெனிக்கு மாத்தி, திரும்பப் பரிசோதிச்சு, புதுசா பாரம் போடணும். மூணு வாரமாச்சும் ஆகும்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. குதிரைகள் போக வேண்டிய வியாழனுக்கு மூன்றே நாள்.

எல்லாம் அந்தச் சோசியன் செய்த வேலை. எனக்கு ஏழரைச் சனியாம், என் பேரில் எதைத் தொடங்கினாலும் விளங்காதாம். என் பொஞ்சாதி ஜெயலெட்சுமி அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனியைத் தன் பேரில் பதியச் சொன்னாள். நானும் மண்டையை ஆட்டினேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம், அந்தக் கதைதான்.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "லாரியையும் என் பேர்ல எழுதுங்கன்னு சொன்னேன்ல? நீங்கதான் கௌரவம் பார்த்தீங்க," என்றாள் ஜெயலெட்சுமி. சொன்னாள்தான். அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

தவுக்கே மூன்று வாரம் காத்திருக்க மாட்டேன் என்றார். கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அவரே போன் செய்தார். முதல் குதிரை லாரியில் ஏறவில்லை, நான்கு பேர் இழுத்தும் நகரவில்லை, உடனே வா என்றார்.

"போகாதீங்க. மானம் ரோஷம் இல்லையா?" என்றாள் ஜெயலெட்சுமி. இருந்தது. ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். குதிரைகளை அடித்து ஏற்றிவிடுவார்களோ என்று பயம்.

லாயத்தின் முன்னால் அந்தக் கோலாலம்பூர்க் கம்பெனியின் புது லாரி, கண்ணாடியில் பெர்மிட் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்களை விலகச் சொல்லிவிட்டு, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு நான் முன்னால் நடந்தேன், அது பின்னாலேயே ஏறி வந்தது. ஒவ்வொன்றாகப் பதினொன்றையும் ஏற்றினேன். பதினொன்றும் அடுத்தவன் லாரியில்.

அந்த லாரி டிரைவர் தமிழன். கதவைத் தாழிட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, எங்க கம்பெனியில குதிர ஏத்தி இறக்க ஆள் தேடுறாங்க. உங்களப் பத்திச் சொல்லட்டுமா?"

மூஞ்சியில் அறையலாம் போலிருந்தது. அவன் என்ன பாவம் செய்தான், நல்ல மனசோடுதான் கேட்டான். இரண்டு தரம் கனைத்துக்கொண்டேன்.

"காலையில எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.