ஸ்கூட்டர் சாவி

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அப்பா இனி ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று மகன் முடிவு கட்டிவிட்டான். எழுபத்தாறு வயசில் எங்காவது விழுந்து வைத்தால் யார் ஓடுவது? ஆனால் அதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. சத்தம் போடாமல் சாவியை எடுத்துத் தன் ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஒரு வாரமாக அப்பா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். "எங்கேயாவது மறந்து வெச்சிருப்பீங்கப்பா" என்று மகன் வாய் கூசாமல் சொன்னான்.

எட்டாம் நாள் அவன் ஆபீசுக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் தாளும் பேனாவுமாக நின்றார்.

"நம்ம விலாசத்தையும் உன் போன் நம்பரையும் பெருசா எழுதிக் குடுடா. சட்டைப் பையில வெச்சுக்கறேன்."

"எதுக்குப்பா?"

"சாவி வெச்ச இடமே தெரியல. நாளைக்கு வீட்டுக்கு வழி தெரியாம நின்னா, யாராவது கொண்டுவந்து விடணுமில்ல?"

ஊரின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படியான மனுஷன் சொல்கிற பேச்சா இது!

"இதுமேல வெச்சு எழுது" என்று அப்பாவே அவனுடைய ஆபீஸ் பையைத் தாளுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். முதல் எழுத்திலேயே பேனா முனையில் சாவி தட்டியது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பா சிரித்தார். "என்னடா, உனக்கும் மறந்துபோச்சா?"