உப்புக் கணக்கு

கிடங்கில் அவளை ‘ஸ்கேனர் அக்கா’ என்பார்கள், முகத்துக்கு நேரே அல்ல. ஒரே ஒரு அட்டைப்பெட்டி குறைந்தாலும் மூன்று தளங்களையும் புரட்டிப் போட்டு, எடுத்தது யாரென்று கண்டுபிடித்த பிறகுதான் தண்ணீர் குடிப்பாள். பதினாறு வருட வேலையில் அவள் கற்றுக்கொண்டது ஒரே பாடம்: கம்ப்யூட்டரில் இருக்கும் எண்ணும் அலமாரியில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், எவனோ கை வைத்திருக்கிறான். எண்ணே தப்பாக இருக்கலாம் என்ற நினைப்பு அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. கிடங்கில் அப்படி ஒருநாளும் நடக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பின்னாலிருந்து பயணிகள் எவ்வளவு முணுமுணுத்தாலும் வண்டி எண்பதைத் தாண்டாது. அவருக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தபோது டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையை விடக்கூடாது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். விறுவிறுவென்று ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதம் கழித்து டாக்டர் எழுதித் தரும் கடிதத்தைப் பார்த்துத்தான், அவர் கையில் ஸ்டியரிங்கை விட்டுவைப்பதா வேண்டாமா என்று கம்பெனி முடிவு செய்யும். இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

சிக்கல் சாப்பாட்டில் இருந்தது. பேருந்து எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஓட்டுநர் சாப்பிட முடியும். அவர் தடத்தில் வண்டி நிற்பது இரண்டு இடங்கள், இரண்டும் பர்கர் கடை. கட்டிக்கொடுக்கலாம் என்றால், போய்த் திரும்ப இரண்டு நாள். பாதி வழியிலேயே டப்பாவில் இருப்பது ஊசிப்போய்விடும்.

“அந்தக் கவலைய என்கிட்ட விடுங்க” என்று அவள் எக்செல்லைத் திறந்தாள்.

இரண்டு கடைக்காரர்களும் தங்கள் இணையப் பக்கத்தில் சத்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். சின்ன பர்கர், பெரிய பர்கர், சிக்கன் ரோல், சூப், பிரெஞ்ச் பிரைஸ், அதற்குத் தொட்டுக்கொள்ளும் சாஸ் பாக்கெட் வரை எல்லாவற்றுக்கும் கலோரி, கொழுப்பு, சர்க்கரை, சோடியம் என்று எண்கள். சோடியம் என்பது உப்புக்கு மருந்துக்கடைப் பெயர் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். மில்லிகிராமைக் கிராமாக மாற்றி ‘உப்பு’ என்ற பத்தியில் ஏற்றினாள். ஐந்துக்குள் இருந்தால் கட்டம் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு அவர் போனில் பட்டியல் அனுப்புவார். அவள் ஏற்றிப் பார்த்து, ராத்திரிக்கு ஒரு சூப் குடிக்கலாம், சாஸைத் தொடாதீர்கள் என்று பதில் போடுவாள். முதல் வாரம் ஏழு நாளும் பச்சை. கிடங்கில் உட்கார்ந்துகொண்டே கணவரின் வாயைக் கட்டிவிட்டேன் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இரண்டாவது வாரம் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஷீட்டைப் பார்த்தாள், பச்சைப் பசேலென்று இருந்தது. பதினாறு வருட அனுபவம் வேறு என்ன சொல்லும்? சரக்குக்கும் கணக்குக்கும் ஒத்துவரவில்லை, எவனோ கை வைத்திருக்கிறான். இங்கே கை வைக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவர் வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது. வேறெதுவும் சாப்பிடவில்லை என்றார் அவர். அவள் நம்பவில்லை. அடுத்த முறை சட்டைப் பையைத் துழாவினாள், பையைத் தலைகீழாகக் கொட்டினாள், எண்ணெய்க்கறை இருக்கிறதா என்று கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. நாத்தனாருக்குப் போன் போட்டு, உங்கள் அண்ணன் தெரியாமல் தின்றுவிட்டுக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று புலம்பினாள். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது வாரம் அவர் ஒத்துக்கொண்டார். பெரிய பர்கர் ஒன்று, பிரைஸ் இரண்டு, கூடவே சாஸ். வாய் கேட்கவில்லை, மன்னித்துக்கொள் என்றார்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. காணாமல் போன பெட்டி கிடைத்துவிட்ட நிம்மதி. அவர் சொன்னதையெல்லாம் தனி வரிசையாக ஏற்றிச் சிவப்பு அடித்தாள். இனிமேல் எதையும் மறைக்காதீர்கள் என்று இதமாகச் சொல்லி, வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிட்டாள். அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அவர் தானாகவே ஒத்துக்கொள்ள ஆரம்பித்தார். எடை ஏன் ஏறுகிறது என்று டாக்டரே போனில் கேட்டபோது, இவர் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார், அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்று அவள் புட்டுப் புட்டு வைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி என்று டாக்டர் குறித்துக்கொண்டார். அதோடு வேறு எதையும் யாரும் தேடவில்லை.

ஏழாவது வாரம் ஒரு காலையில், டிப்போ படியில் ஏறும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. சக ஓட்டுநர்கள் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி போட்டு நீரை இறக்கியதும், மதியத்துக்குள் தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறிவிட்டார். அவள் லேப்டாப்போடு போய்ச் சேர்ந்தாள். என்ன கேட்டாலும் என்னிடம் கணக்கு இருக்கிறது என்ற நிமிர்வு அந்த நேரத்திலும் அவளுக்கு இருந்தது.

அங்கே உணவு ஆலோசகர் ஒரு பெண், சின்ன வயது. ஷீட்டை மெதுவாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று இவள் காத்திருந்தாள்.

“அக்கா, இந்த எண்ணெல்லாம் உப்பா, சோடியமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒன்று இல்லை. உப்பில் ஒரு பங்குதான் சோடியம். ஒரு கிராம் சோடியம் என்றால் இரண்டரைக் கிராம் உப்பு என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பத்தி முழுவதையும் இரண்டரையால் பெருக்க இவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் சிவப்பாக மாறியது. பச்சை என்று அவள் பூரித்த நாள்களில் அவருக்குள் போயிருந்தது பதினோரு கிராம், பன்னிரண்டு கிராம். அவள் அளந்து, பார்த்து, சாப்பிடச் சொன்ன உப்பு.

அந்தப் பெண் இன்னும் ஷீட்டை விடவில்லை. நடுநடுவே சில நாள்களுக்குப் பதினெட்டு, இருபது என்று வந்திருந்ததைக் காட்டினாள். இவர் எடை ஏறியதற்குப் பன்னிரண்டே போதும், இருபது போயிருந்தால் முதல் மாதமே இங்கே வந்திருப்பார், இந்த வரிசைகள்தான் எனக்கு இடிக்கின்றன என்றாள்.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே போனாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இந்தப் பெரிய பர்கர், பிரைஸ். இதெல்லாம் எப்ப சாப்பிட்டீங்க?”

அவர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “எதுவும் சாப்பிடலம்மா.”

“ஒண்ணுகூடவா?”

“நீ சொன்னதுக்கு மேல ஒரு சாஸ் பாக்கெட்கூடப் பிரிக்கல.”

“அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“இல்ல இல்லன்னு சொன்னப்பல்லாம் நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட. சாப்பிட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் என்கிட்ட நல்லாப் பேசின” என்றார் அவர். குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. “கால் பிடிச்சு விட்ட.”

அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் காலைத் தொடப்போய், எந்த முகத்தோடு தொடுவது என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று டாக்டர் அறைக்கு நடந்தாள்.

டாக்டர் கம்பெனிக்கான கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். மருந்து சரியாக இருந்தும் கட்டுப்பாடு இல்லாதவர், வண்டி ஓட்டத் தகுந்தவர் அல்ல என்று முடிக்கப் போவதாகச் சொன்னார். அவள் லேப்டாப்பை அவர் மேஜைமேல் வைத்து, சோடியத்தை உப்பென்று ஏற்றியதையும், சிவப்பு வரிசைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். டாக்டர் முதலில் ஒப்பவில்லை. பர்கர் சாப்பிட்டதாக அவரே ஒத்துக்கொண்டார் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டார்.

“ஆமா டாக்டர். எடுக்காத மனுஷன எடுத்தேன்னு சொல்ல வச்சது நான்தான்” என்றாள். “அவர் உங்க பேச்சையும் கேட்டாரு, என் பேச்சையும் கேட்டாரு. தப்பா சொன்னது நான். அத எழுதுங்க.”

டாக்டர் கொஞ்ச நேரம் ஷீட்டைப் பார்த்தார். உப்பை உண்மையாகவே ஐந்துக்குள் வைத்து இன்னொரு மாதம் பார்க்கலாம், அதுவரை வண்டி வேண்டாம், அதற்குமேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். பிறகு எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.