ட்ரீமாவின் ஏழு தோட்டாக்கள்

பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து ஏழு தோட்டாக்களையும் மேசைமேல் கொட்டினார் வெர்லின் ஸ்டாம்பர். ஒன்று உருண்டு ஓடப் பார்த்தது. உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் குடுத்தது இல்ல," என்றார்.

தங்கை ட்ரீமாவை அடக்கம் செய்துவிட்டு வந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. தேவாலயத்தின் பின்பக்கம், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் அறையில், முழங்கால் மார்பை இடிக்கும் குட்டி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயதில், அந்த நாற்காலியிலும் முதுகு வளையாமல் உட்கார அவரால் முடிந்தது. பக்கத்துக் கூடத்தில் பெண்கள் சாப்பாட்டைப் பரப்பும் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த ட்ரீமா அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கைப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது, அதிலிருந்த சிறிய பிஸ்டலையும் தோட்டாக்களையும் தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"தோட்டான்னா தோட்டாதானே மாமா?" என்றாள் ட்ரீமாவின் மகள் லியானா. கறுப்புச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உங்கம்மா வேகவச்ச பீன்ஸும் டப்பா பீன்ஸும் ஒண்ணா?"

அவர் கொடுத்த தோட்டாவுக்கு வெள்ளிநிறக் கூடு. முனையில் குழி. இது மஞ்சள் பித்தளை. முனை மழுங்கி, குழியே இல்லாமல் தட்டையாக இருந்தது.

"குழி இருந்தா உடம்புக்குள்ள போனதும் விரிஞ்சு அங்கயே நின்னுடும். வர்றவனும் நின்னுடுவான். இது துளைச்சிக்கிட்டு அந்தப் பக்கம் வந்து, வழியில போறவனை அடிக்கும். கைப்பையில வச்சுக்கிற பிஸ்டலுக்கு இதைப் போடாதேன்னு நாப்பத்தோரு வருஷமா என் துப்பாக்கிக் கடையில நின்னு சொல்றேன்."

"அப்ப எனக்கு எது? நாளைக்கு மத்தியானம் கிளம்பணும்."

லியானா லெக்சிங்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து, கார் நிறுத்துமிடத்தின் மூன்றாவது தளத்துக்குத் தனியாக நடக்க வேண்டும். போன மாதம் அதே தளத்தில் கூட வேலை செய்பவளை ஒருவன் காருக்குள் தள்ளப் பார்த்தான். அன்றிலிருந்து ட்ரீமா இந்த பிஸ்டலை எடுத்துப் போ என்று மகளை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இப்போது எடுத்துப் போகிறாள்.

பதில் வெர்லின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கையிலிருந்த மஞ்சள் தோட்டாவையே உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்று கேட்க, ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீப்பே அவரிடம்தான் வருவார். அப்படிப்பட்டவரின் கூடப்பிறந்தவள், யாரோ சொன்னதைக் கேட்டு எதையோ போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதைவிட ஒன்று உறுத்தியது. நன்றியறிதல் நாள் விருந்தில், இருபது பேர் முன்னால் அவர் ட்ரீமாவிடம் கேட்டிருந்தார்: "நான் குடுத்த தோட்டா டப்பா தீந்துச்சா?" அவள் கண் இமைக்காமல், "தீந்து போச்சுண்ணே, ஒண்ணுகூட மிச்சமில்ல," என்றாள். அவரும் பெருமையாக அடுத்த டப்பாவை அவள் கோட்டுப் பையில் திணித்தார்.

ஸ்டாம்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பொய்யா? அவர்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்.

ஆனாலும் ட்ரீமா ஏனோதானோ என்று எதையும் செய்கிறவள் அல்ல. பள்ளிச் சமையலறையில் முப்பது வருஷம் இருந்தவள். நூறு ஆப்பிள் வந்தால் நூறையும் திருப்பிப் பார்ப்பாள். இந்த ஏழையும் பார்த்துத்தான் எடுத்திருப்பாள். யார் சொல்லி? எதற்கு? கோபத்தை முந்திக்கொண்டு அது தெரியவேண்டும் என்ற அரிப்பு கிளம்பியது. ஆறு தோட்டாக்களை உறையில் போட்டார். ஒன்றைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

கூடத்தில் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. பழைய சிநேகிதன் டாய்ல், வாழைப்பழப் புட்டிங்குக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இதை இந்தப் பக்கம் யார் விக்கிறான்?" வெர்லின் கையை விரித்துக் காட்டினார்.

டாய்ல் கரண்டியை வாயிலிருந்து எடுத்தான். "உன் கடையில இல்லாததா? எங்க கிடைச்சது?"

"ட்ரீமாவோட பையில."

"அடப்பாவி!" டாய்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துக்க நாள் என்பது நினைவு வந்து இருமலாக மாற்றிக்கொண்டான். "ஊருக்கே தோட்டா எடுத்துக் குடுக்கிறவன். சொந்தத் தங்கச்சி உன் பேச்சைக் கேக்கலியா? சரி, இப்ப லியானாவுக்கு எதைப் போடச் சொல்லப் போற?"

பக்கத்து மேசையில் நாலைந்து தலைகள் திரும்பின. நாற்பத்தோரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவர் மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

டாய்லின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அது என்கிட்ட வாங்கினது, வெர்லின் ஐயா."

அவித்த முட்டைத் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். அடக்கத்தின்போது கடைசி வரிசையில் தனியாக நின்றவள்.

"நான் மார்சி. ஆத்துக்கு அந்தப் பக்கம் பெண்களுக்குச் சுடச் சொல்லித் தரேன், வியாழக்கிழமை தோறும். ட்ரீமாம்மா மூணு வருஷமா வந்துக்கிட்டு இருந்தாங்க."

மூன்று வருஷம்! வியாழக்கிழமை ட்ரீமா போர்வை தைக்கும் வட்டத்துக்குப் போகிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. அவரும் கேட்டதில்லை.

மார்சியைச் சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளி, கோட்டு மாட்டும் மூலைக்கு அழைத்துப் போனார்.

"தட்டைமுனையைப் போடச் சொன்னது நீதானா?"

"நான் எதையும் சொல்லலை. ஆறு வகை வாங்கி மேசையில வச்சோம். அவங்களே ஒவ்வொண்ணா சுட்டுப் பாத்தாங்க. ஒவ்வொரு வாரமும் ஒரு வகை. பழைய குளிர் கோட்டைத் தண்ணி கேன் மேல சுத்திச் சுட்டாங்க. அவ்வளவு குட்டிக் குழல்ல வேகம் பத்தாது இல்லையா? உங்க தோட்டாவோட குழியில கோட்டுத் துணி போய் அடைச்சிக்கிச்சு. விரியவே இல்லை."

"சில சமயம் அடைக்கும். அதுக்காக யாராவது…"

"அதுகூடப் பரவாயில்லன்னுதான் சொன்னாங்க. ஆனா உங்களோடது அவங்க கையில ஓடலை. நாலு சுட்டா ஒண்ணு சிக்கி நிக்கும்."

வெர்லின் நிமிர்ந்தார். "அந்த பிஸ்டல்ல அதே தோட்டாவை இருநூறு தடவை சுட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். ஒரு தடவைகூட நிக்கலை."

"உங்க கையில நிக்கலை, ஐயா."

ஹேங்கரில் தொங்கிய ஈரக் கோட்டுகளின் வாடை வந்தது. மார்சி முட்டைத் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"உங்க தோட்டாவைச் சுட்டா உதை ஜாஸ்தி. அவங்க பிடி அதுக்குத் தாங்காது. துப்பாக்கியும் சேர்ந்து பின்னால போயிடும். அடுத்த தோட்டாவை ஏத்துற மேல்சட்டம் முழுசாப் பின்னால போகாம பாதியில திரும்பிடும். அகல வாய் முனை வேற, ஏறுற இடத்துல இடிச்சுக்கும். இது உதை கம்மி, வழுக்கிக்கிட்டு ஏறிடும். முன்னூறு சுட்டாங்க, ஒண்ணுகூட நிக்கலை. அப்புறம்தான் பையில போட்டாங்க."

"எங்கிட்டத் தீந்து போச்சுன்னு சொன்னா."

"தீந்துதான் போச்சு. நீங்க குடுக்கிற டப்பாவை அப்படியே கொண்டு வந்து என் கையில குடுத்து, 'எல்லாத்தையும் சுட்டுடு மார்சி. அண்ணன் கேப்பான், அவன்கிட்டப் பொய் சொல்ல முடியாது'ம்பாங்க. கடைசித் தோட்டா வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாப்பாங்க." அவள் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு முட்டை எடுத்துக்குங்க."

அவர் எடுத்துக்கொண்டார். கையிலேயே வைத்திருந்தார்.

பிடி தாங்காது என்றாள். ஏன் தாங்காது? சவப்பெட்டியில் கிடந்த ட்ரீமாவின் கையை நினைவில் கொண்டுவரப் பார்த்தார். வெள்ளைப் பூங்கொத்துதான் நினைவுக்கு வந்தது. அதன் அடியில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அதற்கு முந்திய ஞாயிறு, அதற்கும் முந்தியது… சோளரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளிய கை எப்படி இருந்தது?

லியானா கார் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது போய்ப் பிடித்தார்.

"உங்கம்மா வலது கை… என்ன ஆச்சு அதுக்கு?"

"மூட்டு வாதம். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. எட்டு வருஷமா." அவள் அவரையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? ஞாயிறு தோறும் உங்க பக்கத்துலதானே மாமா உக்காந்து சாப்பிட்டாங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வா. பிஸ்டலைக் கொண்டு வா."

மறுநாள் அவள் எட்டுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள். பிஸ்டலை வாங்கிக்கொண்டு, அவளை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டை நோக்கி நடந்தார் வெர்லின். மேட்டின்மேல் பழைய பெயின்ட் தகரம் ஒன்றை வைத்தார். வெள்ளிக் கூட்டுத் தோட்டாக்களை நிரப்பினார். காதடைப்பானைப் போட்டுக்கொண்டு, நாற்பத்தோரு வருஷப் பிடியில் ஆறும் சுட்டார். ஒன்றும் நிற்கவில்லை. தகரம் ஆறு இடத்தில் ஓட்டையானது.

மறுபடி நிரப்பினார். இந்த முறை மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிடியிலிருந்து எடுத்துக் காற்றில் நீட்டினார். பிஸ்டல் கையில் தள்ளாடியது. ஒன்று வெடித்தது. இரண்டு வெடித்தது. மூன்றாவதற்கு விசையை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மேல்சட்டம் பாதியில் நின்றிருந்தது. உள்ளே வெள்ளித் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கிடந்தது.

அந்த வாக்கிலேயே தகரத்தைக் குறிவைத்தபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றார். ஒருவன் இரண்டு எட்டு எடுத்து வைத்து மேலே வந்து விழ அந்த நேரம் போதும். பிறகு தோட்டாவை நெம்பி எடுத்துவிட்டு இன்னொரு தடவை சுட்டார். மறுபடியும் நின்றது.

"மாமா! என்ன ஆச்சு?"

"இங்க வா."

அவள் வந்தாள். வெள்ளித் தோட்டா டப்பாவையும், நேற்று மார்சியிடம் கேட்டு வாங்கிய பித்தளைத் தோட்டா டப்பாவையும் வேலிக்கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எதைப் போடணும்னு கேட்டியே?"

"ஆமா. எது?"

"எனக்குத் தெரியாது," என்றார் வெர்லின் ஸ்டாம்பர். "ரெண்டையும் சுடு. ஷிஃப்ட் முடிஞ்சு அலுத்துப் போன கை எப்படி இருக்குமோ அப்படிப் பிடிச்சுச் சுடு. டாய்ல் கேட்டா, நான் இப்படிச் சொன்னேன்னு நீயே சொல்லு."

அவள் முதலில் எதை எடுப்பது என்று யோசித்து, வெள்ளியை எடுத்தாள். ஒவ்வொன்றாக நிரப்பிக் கையை நீட்டினாள். வெர்லின் ஓரெட்டுப் பின்னால், அவள் வலப்பக்கம் போய் நின்றார். முதல் தோட்டா வெடித்தது. தூரத்தில் மாடுகள் தலை தூக்கின.

"தகரத்துல பட்டுச்சா மாமா?"

"தெரியல. நான் அங்க பாக்கல," என்றார். "நிறுத்தாத, சுடு."

அவர் குனிந்து அவள் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.