டி.வி.யில் வந்த உப்பளக் கொலை

சுப்ராயனுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் பக்கிரி. இருவரும் மரக்காணம் உப்பளத்தில் ஒரே கூலிக்கு உப்பு வாருகிறவர்கள், ஒரே தெருக்காரர்கள். ஆனால் மெட்ராஸிலிருந்து டெலிவிஷன்காரர்கள் காரில் வந்து இறங்கியபோது, அவர்கள் தேடியது பக்கிரியை மட்டும்தான். எழுபத்து மூன்றில் மேஸ்திரி ராஜாங்கத்தை உப்பளத்தில் வைத்து ஒருத்தன் அடித்துக் கொன்றான். ஆறு வருஷம் கழித்து அந்தக் கேஸை நாடகமாக எடுக்கிறார்களாம். கோர்ட்டில் சாட்சி சொல்லி, கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தவன் பக்கிரி.

அவன் பார்த்ததுதான் என்ன? விடிந்த பிறகு வேலைக்குப் போனான். வாய்க்காலில் ஒருத்தன் ரத்தக்கையைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தான், அப்புறம் பிணத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். கொலையையே பார்த்தவன் சுப்ராயன். அன்று வெளிச்சம் வரும் முன்பே வேலைக்குப் போனவன், உப்புக் குவியலுக்குப் பின்னால் பதுங்கி முழுவதையும் பார்த்துவிட்டு, வேறு வழியாக வீட்டுக்கு ஓடிவந்து இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டான். போலீஸ் என்றாலே அவனுக்குத் தொடை நடுங்கும். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. பயந்து ஒளிகிறவன் பேருக்கு ஆசைப்படக்கூடாது, இவன் ஆசைப்பட்டான். நியாயமாக அந்தக் கார் தன் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும் என்று வயிறெரிந்தான்.

நாடகம் வந்த அன்று சாயங்காலம் ஊரே உப்பள முதலாளி வீட்டு முற்றத்தில் கூடியது. உயரமான சவுக்குக் கம்பத்தில் ஆன்டெனா கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் படம் கலையும், நின்றால் தெளியும். முதலாளியே பக்கிரியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கூலிக்காரனுக்கு முதலாளி வீட்டில் நாற்காலி. சுப்ராயன் மணலில் உட்கார்ந்துகொண்டு, பாதி நேரம் படத்தைப் பார்க்காமல் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ராஜாங்கத்தின் மனைவி சரஸ்வதி முந்தானையால் வாயைப் பொத்தியபடி இருந்தாள்.

படத்தில் மேஸ்திரி, உப்பு விளைந்த பாத்திக்குள் திபுதிபுவென்று ஓடினார். கூட்டம் சிரித்துவிட்டது.

"உப்பு பூத்த பாத்தியில எவனாச்சும் கால வைப்பானா?" என்றாள் கூட உப்பு வாரும் மங்கம்மா. மிதித்தால் விளைந்த உப்பு பாழ்; உயிரே போனாலும் உப்பளத்துக்காரன் வரப்பின் மேல்தான் ஓடுவான்.

"நான் அப்பவே சொன்னேன், அவங்கதான் கேக்கல," என்றான் பக்கிரி. "மேஸ்திரி வரப்பு மேலதான் போயிருப்பாரு."

போயிருப்பாராம். பார்த்தவன் கீழே மணலில் கிடக்க, பார்க்காதவன் மேலே உட்கார்ந்து யூகம் சொல்கிறான். சுப்ராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தில் ஒரே அடி. மேஸ்திரி சாய்ந்தார். சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கிரி அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருக்குது. ஒரே அடியில போயிட்டாரு. நோவு தெரியாம போனாரே, எனக்கு அது போதும்."

"ஆமா தங்கச்சி. நான் பாக்கறப்ப தூங்கறாப்பலதான் இருந்தாரு," என்றான் பக்கிரி. கூட்டம் உச்சுக்கொட்டி அவனைப் பார்த்தது.

அதற்குமேல் சுப்ராயனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டான்.

"இவனுக்கு இன்னா தெரியும்? ஒரே அடியாம். மூணு அடி. வரப்பு மேல தெக்கால ஓடனாரு, கால் வழுக்கி விழுந்தாரு, அப்பறந்தான் அடிச்சான். அவன் போன பெறகும் உசுரு இருந்துது. தண்ணி, தண்ணின்னு ரெண்டு தரம் கேட்டாரு. என் காதால கேட்டேன்."

பக்கிரி வாயைப் பிளந்துகொண்டு திரும்பினான். மொத்த ஊரும் டி.வி.யை விட்டுவிட்டுச் சுப்ராயனைப் பார்த்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவனுக்கு நெஞ்சு நிறைந்துகூடப் போனது.

சரஸ்வதி மெதுவாக எழுந்தாள். உப்பளம் முழுக்க உப்புத் தண்ணீர்தான். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் குடிப்பதற்கு நல்ல தண்ணீரை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போவார்கள். அது அங்கே இருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"உங்கையில நல்ல தண்ணி இருந்திருக்குமே தம்பி," என்றாள். "குடுத்தியா?"